மாத்திரைக்கு முன் ஒரு காலை

நகோயா,
நவம்பர் 12, 2006

அன்புள்ள அண்ணனுக்கு,

மிசாவோ எழுதுவது. இங்கே மரங்கள் சிவந்து உதிர ஆரம்பித்துவிட்டன. ஓகித் தீவில் இந்நேரம் வடமேற்குக் காற்று வந்து ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்கும். நீங்களும் சுமியே அண்ணியும் சுகம்தானே? எனக்குத் தூக்கம் வராததைத் தவிர வேறு குறை இல்லை.

அண்ணியிடம் போனில் பேசினேன். "டாக்டர் குடுத்த மாத்திரைய முன்னோர் மாடத்துல வச்சுட்டாரு மிசாவோ. தெனம் அதுக்கும் சேத்து ஊதுபத்தி காட்றேன்" என்றார். சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணா, கை நடுக்கம் குளிரினால் வருவதில்லை. உங்கள் சென்ற கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். முதல் வரி எறும்பு, கடைசி வரி எறும்பின் முட்டை. மூளையின் அடியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே ஊறவேண்டிய சுரப்பு உங்களுக்குக் குறைந்துவிட்டது. அந்த இடத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகக் குரங்குகளிடம் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வேறு எதில் தங்கையின் பேச்சைக் கேட்காவிட்டாலும் இதில் கேளுங்கள். மாத்திரையைப் போடுங்கள். பொறுப்பு என்னுடையது.

ஷோகிச் சதுரங்கப் பலகையில் உங்கள் ராஜாவைச் சுற்றி மறுபடி கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் படிக்கக் கப்பல் ஏறிய வருஷம் தொடங்கிய இந்தத் தபால் ஆட்டத்தில், ஒரு தவறை நீங்கள் இரண்டாம் முறை செய்து நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் உங்களைச் சும்மாவா "கோழை தோக்குஜி" என்கிறார்கள்!

என் ஆட்டம்: நடுச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால்.

உடம்பைக் குளிரில் விடாதீர்கள்.
மிசாவோ


ஓகி,
டிசம்பர் 8

மிசாவோவுக்கு,

நலம். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது. அடியில் இரண்டு அழுகியிருந்தன, மற்றவை இனிப்பு.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்கிறாய். நான் பெரிதாகத்தான் எழுதச் சொல்கிறேன், பேனா கேட்பதில்லை.

போன வாரம் கடலுக்குப் போனேன். படகிலிருந்து குனிந்து, வாயில் கடித்த கண்ணாடிப்பெட்டியின் அடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால், கீழே பாறையில் ஒரு அவாபிச் சிப்பி தூங்குகிறது. ஈட்டிக்கோலை இறக்கினேன். கை ஆடியது. நுனி லேசாகப் பட்டது, அவ்வளவுதான். அது பாறையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருமுறை உஷாரான சிப்பியை எடுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். அன்று முழுக்க இப்படியே எல்லாச் சிப்பிகளையும் எழுப்பிவிட்டு வந்தேன்.

நேற்று சுமியே எனக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாத்திரையை இன்று காலை விழுங்கிவிட்டேன். முன்னோர்கள் கோபித்தால் உன் பெயரைச் சொல்கிறேன்.

என் ஆட்டம்: வெள்ளிக் காயை ராஜாவுக்குப் பக்கத்தில்.

நீ தூங்கு.
தோக்குஜி


ஓகி,
ஜனவரி 16, 2007

அன்புத் தங்கச்சி மிசாவோவுக்கு,

இந்த எழுத்தைப் பார்! பூதக்கண்ணாடியைத் தூக்கிக் குப்பையில் போடு!

புத்தாண்டு அட்டையும் அதில் எழுதிய உன் ஆட்டமும் வந்தன. இந்த வருஷம் அரிசிக் கொழுக்கட்டைக்கு மாவை நானே இடித்தேன். கையைக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டது போல இருக்கிறது. சுமியே பொத்தான் போட வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டு நானே போட்டேன். அவள் உள்ளே போய் அழுதாள். கண்ணில் புகை என்றாள். அடுப்பே மூட்டவில்லை.

கடலில் ஒரு கால் துடுப்பைத் தள்ளுகிறது, வாய் பெட்டியைக் கடித்துக்கொள்கிறது, இரண்டு கையும் ஈட்டிக்கோலில். இருபது வயதில் இருந்ததுபோல. குறி தப்பவில்லை. உன் குரங்குகளுக்கு என் நன்றியைச் சொல்.

கோட்டை கட்டிக் கட்டி அலுத்துவிட்டது. என் ஆட்டம்: வலது மூலையில் உன் தங்கக் காய்க்கு நேர் எதிரே என் தேர். என்ன செய்வாய்?

உன் அண்ணன்,
தோக்குஜி


நகோயா,
ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே பனி பெய்து நின்றிருக்கிறது. கடிதத்தை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் காட்டினேன். உங்கள் எழுத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். வெகு நாளைக்குப் பிறகு ராத்திரி தூங்கினேன்.

நன்றியைக் கின்தாவிடம் சொல்லிவிட்டேன். அவன்தான் எங்கள் கிழட்டுக் குரங்கு. இரண்டு படம் காட்டுவோம், ஒன்றைத் தொட்டால் பழச்சாறு. சாறு எதிர்பாராமல் வந்தால் மூளையின் அந்தச் சின்ன இடம் படபடவென்று துடிக்கும். எதிர்பார்த்தபடியே வந்தால் சும்மா இருக்கும். வரும் என்று நினைத்து வராமல் போனால்? துடிப்பு அடங்கி ஒரு பள்ளம் விழும். 'இது வேண்டாம்' என்று அவன் கற்றுக்கொள்வது அந்தப் பள்ளத்தில்தான். சாறு கிடைக்காத தடவை கின்தா என்னை ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், நான் கடன்காரி மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்த மார்ச்சோடு எங்கள் பிரிவை மூடுகிறார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

என் ஆட்டம்: இடது ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால்.

காற்றைப் பார்த்துப் போங்கள்.
மிசாவோ


ஓகி,
ஜனவரி 30

மிசாவோ!

என் தேரைப் பார்க்கவே இல்லையா நீ? பேராசிரியர் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதா? உன் தங்கத்தைப் பிடுங்கிவிட்டேன்! இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் முறை. சுமியேவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா இருக்கு, சாப்பிட வாங்க" என்றாள். அவளுக்கு ஷோகியின் அருமை தெரியாது.

இன்னொன்று. கடைவாய்ப் பாறை ஞாபகம் இருக்கிறதா? அப்பா நம்மைப் போகவே விடாத இடம். சனிக்கிழமை காற்று மேற்கே திரும்பியதும் எல்லோரும் படகைத் திருப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன். என் முகத்தளவு ஒரு அவாபி! கரைக்கு வந்தபோது பக்கத்து வீட்டு கென்ஸோ, "யோவ் கோழை, வழி தவறிட்டியா?" என்றான். வாளியைத் தூக்கிக் காட்டினேன். "அடப்பாவி, இது சிப்பியா சட்டியா?" என்று வாயைப் பிளந்துவிட்டான். அதற்குப் பிறகும் போனேன். ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேதான் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

என் ஆட்டம் மேலே சொன்னதுதான். தங்கம் என் கையில்!

தோக்குஜி


நகோயா,
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். இந்த முறை பதிலை உண்மையாகவே சொல்லுங்கள்.

என் ஆட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெள்ளியால் உங்கள் தேரை எடுத்துவிட்டேன். அது இனி என் காய். என்றைக்காவது உங்கள் ராஜாவின் தலைமேலேயே இறக்குவேன்.

கடைவாய்ப் பாறைக்கு வாரத்தில் எத்தனை தரம் போகிறீர்கள்? ஒரு பெரிய சிப்பி கிடைத்தது சரி. அதற்குப் பிறகு வெறுங்கையோடு வந்த நாட்களை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். என் அண்ணன் வெறுங்கை நாட்களைப் பற்றி இரண்டு பக்கம் புலம்புகிற ஆள்.

கேளுங்கள் அண்ணா. ஏமாற்றம் வரும்போது ஒரு பள்ளம் விழும் என்றேனே, உங்கள் மாத்திரை அந்தப் பள்ளத்தையும் சேர்த்து நிரப்பிவிடுகிறது. மாத்திரை போட்டவர்கள் கிடைத்ததிலிருந்து நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். இழந்ததிலிருந்து கற்பதில்லை. மாத்திரை இல்லாதபோது நேர் எதிர். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு ஆகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொறுப்பு என்னுடையது என்று எழுதினேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

டாக்டரிடம் போய் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

மிசாவோ


ஓகி,
பிப்ரவரி 20

மிசாவோவுக்கு,

எல்லோரும் நலம். ப்ளம் மரம் பூத்துவிட்டது. குளிர் விடவில்லை, பூட்ஸ் காயவே மாட்டேன் என்கிறது. புதிதாக ஒரு கண்ணாடிப்பெட்டி செய்ய மரம் வாங்கியிருக்கிறேன். பழையது தொலைந்துவிட்டது.

நீ ரொம்ப யோசிக்கிறாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிரிவை மூடினால் நல்லது, ஓய்வெடு.

என் ஆட்டம்: வெள்ளி, அதே வலது மூலையில். இந்தத் தடவை விழும் பார்.

தோக்குஜி


ஓகி,
மார்ச் 9

மிசாவோவுக்கு,

சுமியே எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவர் கடலுக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கடைவாய்ப் பாறைக்கிட்டே படகு கவிழ்ந்துவிட்டது. உனக்கு அவர் எழுதவில்லை என்று நீ அவருக்குப் பிறகு அனுப்பிய அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கென்ஸோ சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போகாமல் இருந்திருந்தால் நான் இப்போது வேறு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது. வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு நான் நடுங்குகிறேன், அவர் நடுங்கவில்லை. "ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா கவுந்திருக்காது சுமியே. அடுத்த தடவ தள்ளிப் போறேன்" என்கிறார். கென்ஸோ கத்தினான். "யோவ், நீ செத்துட்ட. நான் இழுத்துப் போட்டேன். புரியுதா?" இவர் தலையை ஆட்டுகிறார், "ஆமா ஆமா, ரொம்ப நன்றி" என்கிறார். பலகாரம் வாங்கிக்கொண்டு போய் அவன் வீட்டில் கொடுத்துவிட்டும் வந்தார். நாலு நாள் கழித்து மறுபடி அதே பாறை.

தைரியம் வந்துவிட்டது என்று துறைமுகத்தில் மெச்சுகிறார்கள். இது தைரியம் இல்லை மிசாவோ. பயம் வரவேண்டிய வழியையே யாரோ அடைத்துவைத்திருக்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்து என்று உன்னிடம் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கேட்க வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் என் தலையை வாரிவிட்டார். கல்யாணமான புதிதில் செய்தது. அந்தக் கை திரும்ப நடுங்கட்டும் என்று நான் எப்படி வேண்டிக்கொள்வேன்? எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. நீயே ஏதாவது சொல்.

சுமியே


நகோயா,
மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வெந்நீர்த் தொட்டியில் இறக்கிய கைகளுக்குக் கும்பிடு.

உங்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஜனவரியில் அண்ணன் தேரை என் வாயில் கொண்டுவந்து வைத்தார். குழந்தைகூட எடுத்துவிடும். நான் எடுக்கவில்லை. பெரிய எழுத்தில் அப்படி ஒரு கடிதம் வந்த சந்தோஷத்தில், ஜெயிக்கட்டும் என்று ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினேன். அந்தக் கடிதம் கிடைத்த மறுநாள்தான் அவர் பாறைக்குப் போனாரோ என்னவோ, தேதி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கின்தாவுக்கு எந்தப் படத்துக்குச் சாறு கொடுத்தால் எதைப் பழகுவான் என்று தெரிந்தவள் நான். அண்ணனுக்குத் தவறான படத்துக்குச் சாறு கொடுத்துவிட்டேன்.

அவரைத் திட்டாதீர்கள், அழாதீர்கள். இப்போது அது உள்ளே போகாது. சீக்கிரம் திரும்பி வருகிற நாளில் வெந்நீரும் சூடான சாக்கே மதுவும் தயாராக வைத்து, சந்தோஷத்தைக் காட்டுங்கள். திரும்பி வருவதும் லாபம்தான் என்று அவர் பழகட்டும். தீவு டாக்டரிடம் பேசிவிட்டேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆனால் மெல்லக் குறைக்கலாம் என்கிறார். அண்ணன் ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் கூட இருக்கிற கடிதம். அவரிடம் கொடுங்கள்.

நீங்களும் கொஞ்சம் படுத்து எழுந்திருங்கள் அண்ணி.

மிசாவோ


அதே நாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் கேட்கவில்லை. பிப்ரவரியில் என்ன நடந்தது என்று தெரியும். அண்ணியைக் கோபிக்காதீர்கள்.

போன அட்டையில் உங்கள் வெள்ளியை எடுத்தேன். பதிலுக்கு வந்த அட்டையில் வேறு ஒரு வரிகூட எழுதாமல் அதே மூலையில் குதிரையை அனுப்பியிருக்கிறீர்கள். என் ஆட்டம்: குதிரையையும் எடுத்துவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். என்றாவது ஒரு காலை, எழுந்ததும் மாத்திரையைப் போடுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் பலகையின் முன்னால் உட்காருங்கள். டாக்டரைக் கேட்டுவிட்டேன், ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. கை நடுங்கும், நடுங்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பதில் ஆட்டத்தை எழுதுங்கள். எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் படிப்பேன்.

கின்தாவை ஒரு சரணாலயத்துக்கு அனுப்புகிறார்கள். நேற்று அவனுக்குச் சாறு சும்மாவே கொடுத்தேன், எந்தப் படமும் காட்டாமல். அவன் என்னை நம்பவில்லை.

மிசாவோ


ஓகி,
ஏப்ரல் 19

மிசாவோவுக்கு,

பூதக்கண்ணாடியைக் குப்பையிலிருந்து எடுத்துக்கொள்.

இங்கே செர்ரி உதிர்ந்துவிட்டது. உனக்கு அங்கே எப்படியோ. இந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று காலை ஆயிற்று. மாத்திரைக்குப் பிறகு இதைத் தொடவில்லை.

முதல் தடவை உட்கார்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்து எரிச்சல் வந்தது, உன்னைத் திட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் பலகைமேல் விழுந்தது. வலது மூலையைப் பார்த்தேன். அங்கே என் தேர், என் வெள்ளி, என் குதிரை, மூன்றும் போயிருக்கின்றன. ஏன் இவள் முன்பே சொல்லவில்லை என்று கோபம் வந்தது. உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாய். படித்தும் இருக்கிறேன்.

அப்போது சுமியே கடற்பாசி சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தேன். உப்பு. மூக்குக்குள் தண்ணீர் ஏறியது. தலைக்கு மேலே படகின் அடிப்பக்கம் கருப்பாகத் தெரிந்தது, கை எதையும் பிடிக்கவில்லை. கிண்ணம் கீழே விழுந்துவிட்டது. பிப்ரவரியில் வரவேண்டிய பயம் மிசாவோ, அப்போதுதான் வந்தது. பாயைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

சுமியே ஓடிவந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"நான் மூழ்கிட்டேன் சுமியே."

"தெரியும். ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள். என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இப்பதான் வந்து சேந்தீங்களா?"

அன்று நான் கடலுக்குப் போகவில்லை. கென்ஸோ வீட்டுக்குப் போய், அவன் முன்னால் தரையில் நெற்றியை வைத்தேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு, "இந்தக் கோழைய எங்கடா காணோம்னு பாத்தேன்" என்று சொல்லி மூக்கைச் சிந்தினான்.

டாக்டர் பாதி மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். கை கொஞ்சம் ஆடுகிறது. மேல் பொத்தான் மட்டும் சுமியே போடுகிறாள். தலை வாரிவிட இன்னும் முடிகிறது. ஒரு பக்கம் கோணலாக வருகிறது, அவள் அதை அப்படியே விட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். இனி படகில் நாங்கள் இரண்டு பேர். நான் பெட்டிக்குள் பார்ப்பேன், துடுப்பு அவளிடம். திரும்பலாம் என்று அவள் சொன்னால் திரும்பவேண்டும், எதிர்ப்பேச்சு கிடையாது. என் பயத்தை நான் இனி முழுக்க நம்ப முடியாது. அவளுடையது சரியாக இருக்கிறது.

தேரை நீ வேண்டுமென்றே விட்டாய் என்றும் அன்று தெரிந்தது. அடுத்த முறை விடாதே. தோற்றால் தோற்கிறேன்.

இந்த ஆட்டத்தில் நான் தோற்றுவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் ஆடுகிறேன். என் ஆட்டம்: ராஜா ஒரு கட்டம் பின்னால்.

வேலை முடிந்ததும் இங்கே வா. படகில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. தூங்கினாயா?

உன் அண்ணன்,
கோழை தோக்குஜி